புளிபோட்டு விளக்கிய பத்துத் தகடு

வலங்கைமானைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போனால், இரண்டு பக்கமும் நெல் வயலையே பார்த்துக்கொண்டு வந்த கண்ணுக்குத் திடீரென்று ஒரு ராக்கெட் தெரியும். சிமெண்டு ராக்கெட். முப்பதடி உயரம். அடியில் தீ கக்குவதுபோல் காவிக் கலர் பூச்சு. அதன் முதுகுக்குப் பின்னால்தான் நான் பதினேழு வருஷம் ஸ்டோர்ஸ் கீப்பராகக் குப்பை கொட்டிய பொறியியல் கல்லூரி இருக்கிறது. ராக்கெட்டின் மூக்கில் வருஷா வருஷம் காக்கை கூடு கட்டும். அந்தக் கல்லூரியிலிருந்து வானத்தை நோக்கி ஒழுங்காகப் போனவை வெகுகாலம் அந்தக் காக்கைக் குஞ்சுகள் மட்டும்தான்.

போன மாதம் கல்லூரியின் வெள்ளிவிழா மலர் தபாலில் வந்தது. வழவழத் தாளில் நூற்றிருபது பக்கம். தாளாளர் படம் பத்தொன்பது இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? செயற்கைக்கோளுக்குப் பிளாஸ்மா உந்தி சோதித்துக் கொடுத்த சாதனைக்கு மட்டும் எட்டுப் பக்கம். அதில் ஆய்வகத் தலைவர் முனைவர் சாரங்கபாணி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கிறார், ஒரு கருவியை இதற்குமுன் பார்த்தே இராதவர்போல் குனிந்து பார்க்கிறார். அந்தக் கடைசிப் படம் ஒன்றுதான் உண்மையானது. சோதனையைச் செய்த வேம்புவின் பெயர் எந்த மூலையிலும் இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் அவளுடைய கை மட்டும் முழங்கை வரைக்கும் வந்திருக்கிறது. ரப்பர் வளையலை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன். எரிச்சல் தாங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் பெயர் சவரிராஜ். எரிச்சலில் பாதி என்மேலேயேதான், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேம்புவின் அப்பா காத்தான், பெரிய பண்ணையில் நாற்று முடி சுமந்தவர், பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி சுமந்தவர். என் அப்பா அடைக்கலசாமி அதே பண்ணையில் களத்து மேட்டில் நெல் அளக்கிறவர். எண்பத்திரண்டாம் வருஷ அறுவடையில் நடந்ததை எங்கள் பக்கத்தில் இன்னமும் சொல்வார்கள். கூலி நெல் அளக்கும்போது காத்தான் எழுந்து வந்து மரக்காலைப் பிடுங்கிக் கவிழ்த்து, அரிவாள் நுனியால் அடியைச் சுரண்டினார். உள்ளே இரண்டு விரல் கனத்துக்கு அரக்கு. வெளியே பார்த்தால் முழு மரக்கால், உள்ளே முக்கால். “அடைக்கலசாமி, நீங்களே சொல்லுங்க, இது எத்தன வருஷமா இருக்கு?” என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டார். என் அப்பா பதில் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே பஞ்சாயத்து முடிந்திருக்கும். சொல்லாததால், காத்தானே அரக்கை உருக்கி ஊற்றினார் என்று பண்ணையில் கதை கட்டினார்கள். அடுத்த மூன்று போகம் காத்தானுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. என் அப்பா சாகும்வரை அளந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு காத்தானுக்குக் கோயில் நிலம் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்குக் கிடைத்தது. பதின்மூன்று வருஷம் குறுவையும் சம்பாவும் போட்டார். தொண்ணூற்றேழில் பெரிய பண்ணையின் பேரனுக்குக் கல்வித் தொண்டு செய்யும் ஆசை வந்தது. அவருடைய சொந்த நிலம் நூறு ஏக்கர் சும்மா கிடக்க, தொண்டு செய்வதற்குக் கோயில் நிலம்தான் தோதாக இருந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நெல் கதிர் முற்றி நின்ற வயலை அந்த வருஷத்து அடங்கலில், அதாவது சாகுபடிக் கணக்கில், ‘தரிசு’ என்று எழுதியிருந்தார்கள். காத்தான் அந்தக் கதிரில் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு தாலுகா ஆபீசில் கணக்குச் சரிபார்க்கும் ஜமாபந்திக்குப் போய் மேஜைமேல் போட்டார். மேஜையைத் துடைக்க ஆள் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. நிலம் விட்டவர்களுக்கு வீட்டுக்கு ஒரு வேலை என்று, தாளாளர் ஆகிவிட்ட அந்தப் பேரன் மைக் வைத்துச் சொன்னார். அந்த ஒரு வேலைதான் வேம்பு.

தாளாளரைப் பற்றி நாலு வரி. அவருடைய பீரோவில் இரண்டு கட்சிக் கரை வேட்டியும் தேய்த்து மடித்து இருக்கும். ஓட்டு எண்ணி முடிக்கும் அன்று காலையில் எதையும் கட்டாமல் லுங்கியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், மத்தியானத்துக்குமேல்தான் உடுத்துவார். டெல்டாவில் எரிவாயு எடுக்கக் குழாய் இறக்கப் போகிறார்கள் என்று ஊரே போராடியபோது, அவரும் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு ‘சோறு போடும் மண்ணைத் தொடாதே’ என்று பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. மூன்று மா வயலைக் கிராவல் அடித்து மூடச் சொன்ன அதே வாய். மேடைக்கு எதிரே, நடுவரிசையில், வேம்பு உட்கார்ந்திருந்தாள். அவள் கைதட்டவில்லை. நான் தட்டினேன்.

வேம்பு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். இரண்டாயிரத்து ஆறில் தற்காலிக ஊழியராக எடுத்து, துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்கள். நான்கு வருஷம் கழித்து சாரங்கபாணி ‘விண்வெளி ஆய்வகம்’ என்று பலகை மாட்டியபோது, கருவிகளை இறக்கிப் பொருத்த ஒருவருக்கும் கை வரவில்லை. பி.இ. படித்தவர்கள் திருகாணியை எந்தப் பக்கம் சுற்றுவது என்று இண்டர்நெட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேம்பு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பொருத்தினாள். அன்றிலிருந்து அந்த ஆய்வகம் அவள் கையில். வேலைப் பெயர் மட்டும் தற்காலிகம்தான். பதினோரு வருஷம் தற்காலிகம். பெயருக்கேற்ற கசப்பு என்று ஊழியர்கள் அவளைக் கேலி செய்வார்கள். தேனாகப் பேசுகிறவர்கள் என்ன கிழித்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

அந்த ஆய்வகத்தில் நடந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாவிட்டால் மற்றது புரியாது. செயற்கைக்கோள் மேலே போய்ச் சேர்ந்த பிறகு, தன் பாதையிலிருந்து நழுவாமலிருக்க அதற்கு அவ்வப்போது சின்னத் தள்ளு வேண்டும். அதற்குத்தான் இந்த உந்தி. ஆழாக்கு அளவுதான் இருக்கும். செனான் என்ற வாயுவை உள்ளே விட்டு, மின்சாரத்தால் பிய்த்து, பிளாஸ்மாவாக்கிப் பின்பக்கம் பீய்ச்சும். நீல வெளிச்சம் வரும். அது தள்ளும் பலம் ஒன்பது, பத்து மில்லிநியூட்டன். உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. காற்றில் இது நடக்காது, வெற்றிடம் வேண்டும். அதற்கு ஒரு பெரிய எஃகு உருளை வைத்திருந்தோம். அரிசி ஆலைகளுக்கு நெல் அவிக்கும் அண்டா செய்கிறவரிடம் சொல்லிச் செய்தது. சாரங்கபாணி அதற்குப் பத்து எழுத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார். நாங்கள் அண்டா என்போம்.

அண்டாவுக்குள் உந்தியை ஓர் ஊஞ்சலில் பொருத்தியிருக்கும். உந்தி தள்ளினால் ஊஞ்சல் இம்மியளவு நகரும். ஊஞ்சலில் ஒட்டிய கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சிவப்பு லேசர் புள்ளி, வெளியே சுவரில் இருக்கும் அளவுகோலில் எத்தனை கோடு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். சரி, ஒரு கோட்டுக்கு எவ்வளவு பலம்? அதற்குத்தான் தகடு. மெல்லிய பித்தளைத் தாளில் பத்துப் பைசா அளவுக்கு வட்டமாக வேம்பு வெட்டியவை, மொத்தம் பத்து. ஒவ்வொன்றும் நூற்றிரண்டு மில்லிகிராம். அதாவது, ஒரு தகடு தொங்கினால் ஒரு மில்லிநியூட்டன் இழுப்பு. நூலில் கோத்து, கப்பி வழியாக ஒவ்வொன்றாக இறக்கினால் ஊஞ்சல் தகட்டுக்கு நாற்பத்திரண்டு கோடு நகரும். பிறகு உந்தியை எரிய விட்டு, அது எத்தனை கோடு நகர்த்துகிறது என்று பார்த்து வகுத்தால் பலம் தெரிந்துவிடும். வேம்பு சேர்ந்த பதினோராம் வருஷம் ஆவணி மாதம் உந்தி முந்நூற்று எழுபத்து நாலு கோடு தள்ளியது. நாற்பத்திரண்டால் வகுத்தால் எட்டு புள்ளி ஒன்பது.

சாரங்கபாணிக்கு முகம் சுருங்கிவிட்டது. பத்து வரும் என்று தாளாளரிடம் முன்பே சொல்லிவிட்டார். தாளாளர் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். ‘டெல்டாவின் பத்து’ என்று ஃபிளெக்ஸ்கூட அடித்தாகிவிட்டது. உந்தியைக் கேட்காமலேயே உந்தியின் பலத்தை அச்சடித்த ஒரே கல்லூரி எங்களுடையதாகத்தான் இருக்கும். சாரங்கபாணி உந்தியில் ஒரு காந்தத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றச் சொன்னார். வேம்பு மாற்றினாள்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. தாளாளர் அன்று எல்லா ஆய்வகத்தையும் சுற்றி வருவார். முதல் நாள் சாரங்கபாணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி உள்ளே வந்தார். நான் பொரி மூட்டையைக் கணக்குப் பார்த்து இறக்கிக்கொண்டிருந்தேன்.

“என்னம்மா இது, தகடெல்லாம் கருத்துக் கெடக்கு? நாளைக்கு அய்யா வர்றாங்க. பளபளன்னு இருக்க வேணாமா? வெளக்கி வை.”

“சரி சார்” என்றாள் வேம்பு.

அவள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பித்தளை, நாளைக்கு பூஜை, விளக்கு என்று ஒருவர் சொல்கிறார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் கேண்டீனில் போய் ஒரு கைப்பிடி பழம்புளி வாங்கி வந்து கொடுத்தேன். கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து அவள் செங்கல் உடைத்துப் பொடித்து வந்தாள். தேங்காய் நாரால் பத்துத் தகட்டையும் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். குழாயடியில் கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்தாள். மறுநாள் தகடு ஒவ்வொன்றும் புதுத் தாலிக்காசு மாதிரி ஜொலித்தது. அண்டாவுக்குச் சந்தனம், ஊஞ்சலுக்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினோம். தாளாளர் பார்த்துவிட்டு, “லேப்புன்னா இப்படி இருக்கணும்” என்றார். நான் கிறிஸ்தவன். ஆனாலும் இரண்டு கை பொரி தின்றேன், அதில் ஒரு குறையும் இல்லை.

பூஜை முடிந்த வாரம் மறுபடி சோதனை. பத்து புள்ளி ஒன்று.

சாரங்கபாணி துள்ளினார் என்று சொன்னால் குறைவு. “என் காந்தம்! என் காந்தம்!” என்று வராந்தா முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். பெங்களூரில் செயற்கைக்கோள் கட்டும் ஒரு கம்பெனிக்குக் கடிதம் போனது. மார்கழியில் அவர்களுடைய ஆள் நேரில் வந்து, கண்ணெதிரே சோதனை நடத்தி, உந்தியை எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது, கூடவே நாற்பது பக்க ஒப்பந்தமும். அன்றைக்கே விழா, அந்த மேடையிலேயே வேம்புவுக்கு நிரந்தரப் பணி உத்தரவு என்று தாளாளர் அறிவித்தார். உத்தரவு டைப் அடித்து, கையெழுத்தும் ஆகி, அவருடைய ஃபைலில் இருந்தது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான், கண்ணால் பார்த்தேன். காத்தான் அப்போது படுத்த படுக்கை. மூன்று மா நிலத்துக்கு ஈடாக அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியது அந்த ஒரு தாள்தான்.

ஆனால் வேம்புவுக்கு முகம் தெளியவில்லை. ஒரு நாள் என்னைச் சுவர் அளவுகோலுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

“அண்ணே, இதப் பாருங்க. ஆவணியில உந்தி தள்ளுனது முந்நூத்தி எழுபத்தி நாலு கோடு. இப்பவும் அதே முந்நூத்தி எழுபத்தி நாலுதான். ஒரு கோடு கூடல.”

“அப்புறம் எப்படி பத்து வந்துச்சு?”

“தகடுதான். முன்ன ஒரு தகட்டுக்கு நாப்பத்திரண்டு கோடு நகர்ந்த ஊஞ்சல், இப்ப முப்பத்தேழுதான் நகருது. முப்பத்தேழால வகுத்தா பத்து வருது.”

சாரங்கபாணியிடம் போய்ச் சொன்னாள். மழைக்காலத்தில் ஊஞ்சல் கம்பி இறுகியிருக்கும் என்று அவர் தலையைத் தூக்காமல் சொன்னார். வெற்றிட அண்டாவுக்குள் மழைக்காலம். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்! வேம்பு திரும்பி வந்து, ஊஞ்சலை லேசாகத் தட்டி ஆடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது ஆட்டத்துக்கு எழுபத்திரண்டு விநாடி. ஆவணியில் எழுதி வைத்ததும் எழுபத்திரண்டுதான். கம்பி இறுகியிருந்தால் ஆட்டம் வேகமாகியிருக்கும். ஊஞ்சலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் இளைத்தது தகடு.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் நுட்பமான தராசு ஒன்று உண்டு. ஆய்வுக்குழு வரும்போது மட்டும் உறையை எடுப்பார்கள், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நானும் வேம்புவும் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். அவள் பேப்பரைப் பிரித்துப் பத்துத் தகட்டையும் தராசில் வைத்தாள். கடைக்காரர் எங்களை இரக்கத்தோடு பார்த்து, “இது பித்தளைம்மா, யாரோ ஏமாத்தியிருக்காங்க” என்றார். தராசில் தொள்ளாயிரம் மில்லிகிராம் காட்டியது. ஆயிரத்து இருபது இருந்திருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

“புளி” என்றாள். “அண்ணே, புளியும் செங்கப்பொடியும். தாளு கனத்துத் தகட்ட நானே தேச்சுத் தின்னுட்டேன்.” தகட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். “மரக்கா சிறுத்துப்போச்சுண்ணே. நெல்லு அதேதான். மரக்கா சிறுத்ததால எண்ணிக்க கூடித் தெரியுது. எங்கப்பன் எந்த மரக்காலக் கவுத்தாரோ, அதே மரக்கால நான் பண்ணி வெச்சிருக்கேன்.”

மரக்கால் என்றதும் நான் முன்னால் நடக்க ஆரம்பித்தேன். என் அப்பா கதை அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் அவள் சாரங்கபாணியிடம் நகைக்கடைச் சீட்டைக் காட்டினாள். அவர் ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். நான் ஸ்டாக் ரிஜிஸ்டரோடு உள்ளே மாட்டிக்கொண்டேன். “பத்துன்னு அய்யா ஊருக்கே சொல்லிட்டாங்க. இப்பப் போய் புளி, செங்கல்னா காறித் துப்புவாங்க. வர்றவங்க இந்தத் தகட்டுலயே பார்த்துட்டுப் போகட்டும். ஒன் ஆர்டரையும் நெனச்சுக்கோ” என்றார். எடைகள் சரிபார்க்கப்பட்டன என்று வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் அவருடைய தலைக்குமேல் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம்கூட அவர் தகட்டைத் தொட்டதில்லை.

வெளியே வந்து நானும் அதைத்தான் சொன்னேன். “பேசாம இரு வேம்பு. ஆர்டர் கைக்கு வரட்டும். அப்பாவ நெனச்சுப் பாரு.”

“அப்பாவத்தான் நெனக்கிறேன்” என்றாள்.

மார்கழி கடைசியில் பெங்களூரிலிருந்து மங்களாம்பிகை என்ற அம்மா வந்தார். ஐம்பது வயது, பருத்திப் புடவை, கையில் ஒரு சின்னப் பெட்டி. தாளாளர் வாசலில் நாதஸ்வரம் வைத்திருந்தார். அந்த அம்மா நாதஸ்வரக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தாளாளரைத் தாண்டி நேராக ஆய்வகத்துக்கு நடந்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. உள்ளே தாளாளர், சாரங்கபாணி, வேம்பு, நான் எல்லோரும் நின்றோம். சாரங்கபாணி இருபது நிமிஷம் தன் காந்தத்தைப் பற்றிப் பேசினார். அந்த அம்மா குறுக்கிட்டு, “முதல்ல எடைய எறக்கிக் காட்டுங்க” என்றார்.

வேம்பு ஸ்விட்சைப் போடவில்லை.

“மேடம், தகடு சரியில்லீங்க. ஒவ்வொண்ணும் தொண்ணூறு மில்லிகிராம்தான் இருக்கு. அதுல பார்த்தா பத்து வரும். உண்மையில எட்டு புள்ளி ஒம்பதுதான்.”

தாளாளரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. மங்களாம்பிகை அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எப்படிக் குறைஞ்சுது?”

“ஆயுத பூஜைக்குப் புளி போட்டு வெளக்கிட்டேன்.”

“நீங்களா?”

“நான்தாங்க.”

“யார் வெளக்கச் சொன்னது?”

சாரங்கபாணி தன் ஷூவைப் பார்த்தார். வேம்பு சாரங்கபாணியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை, ரொம்ப நேரமில்லை. சாரங்கபாணி சொன்னதை அவளைத் தவிரக் கேட்டவன் நான் ஒருவன்தான். எனக்கு அப்போது ஓய்வுக்கு மூன்று வருஷம் பாக்கி. தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன்.

“யாரும் சொல்லல மேடம். கைப்பழக்கம்” என்றாள் வேம்பு.

சாரங்கபாணிக்கு உடனே வாய் வந்தது. “என்ன பண்றது மேடம், எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் இவங்களுக்கெல்லாம் அந்த விஞ்ஞானப் பார்வை வராது. சமையல்கட்டு புத்தி” என்றார். அந்த ‘இவங்களுக்கெல்லாம்’ என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா சுவரில் தொங்கிய சான்றிதழைக் கிட்டே போய் நிதானமாகப் படித்தார். பிறகு தன் பெட்டியைத் திறந்து ஒரு சின்னத் தராசை மேஜைமேல் வைத்து, “பித்தளைத் தாள் இருக்கா?” என்று வேம்புவிடம் கேட்டார்.

இரண்டு மணி நேரத்தில் வேம்பு புதுசாகப் பத்துத் தகடு வெட்டினாள். அந்த அம்மாவே ஒவ்வொன்றையும் நிறுத்தார். அண்டாவை மூடிக் காற்றை உறிஞ்சி, எல்லாம் தயாராகச் சாயங்காலம் நாலு மணி ஆனது. தகட்டுக்கு நாற்பத்திரண்டு கோடு. நீல வெளிச்சம் வந்தது. சிவப்புப் புள்ளி நகர்ந்து முந்நூற்று எழுபத்து நாலில் நின்றது. எட்டு புள்ளி ஒன்பது.

“நல்லது, எடுத்துக்கறோம்” என்றார் மங்களாம்பிகை அம்மா.

தாளாளர் விழித்தார். “பத்து இல்லீங்களே மேடம்?”

“யார் பத்து கேட்டது? எங்களுக்கு எட்டரை போதும். ஒப்பந்தத்துல நாலாம் பக்கத்துலயே இருக்கே, யாரும் படிக்கலையா?”

யாரும் படிக்கவில்லை. நாற்பது பக்க ஒப்பந்தத்தில் தாளாளர் படித்தது முதல் பக்கம், தன் பெயருக்கு முன்னால் ‘கல்வி வள்ளல்’ இருக்கிறதா என்று பார்க்க. சாரங்கபாணி படித்தது கடைசிப் பக்கம், தன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்க்க. உள்ளதைச் சொல்லியிருந்தாலே கிடைத்திருக்கும் ஒன்றுக்காக இத்தனை ஃபிளெக்ஸ், இத்தனை காந்தம், இத்தனை நாதஸ்வரம்.

விழா குறித்த நேரத்துக்கு நடந்தது. சாரங்கபாணிக்குப் பொன்னாடை. டெல்டா மண்ணின் மைந்தர்கள் எட்டு புள்ளி ஒன்பதை எட்டிவிட்டார்கள் என்று தாளாளர் முழங்கினார், கூட்டம் தட்டியது. ஃபைலை நான்தான் மேடைக்குக் கொண்டுபோனேன். அதிலிருந்த உத்தரவை அவர் கடைசிவரை எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வேறு உத்தரவு வந்தது: ஆய்வகக் கருவியைச் சமையலறைப் பொருளால் சேதப்படுத்தியதற்காகத் தற்காலிக ஊழியர் கா. வேம்பு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அதை அவளிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வந்தவனும் நான்தான். சாரங்கபாணி அடுத்த வருஷம் டீன் ஆனார். மங்களாம்பிகை அம்மா அனுப்பிய சோதனை அறிக்கையில், பதினாலாம் பக்கத்தில், எடைகளை உருவாக்கிச் சோதனையை நடத்தியவர் என்ற இடத்தில் ஒரே பெயர், கா. வேம்பு. அந்த அறிக்கையைக் கல்லூரி நூலகத்தில் வைக்கவில்லை.

மலரைப் படித்த எரிச்சலோடு நான் அவளைப் பார்க்கப் போனேன். வலங்கைமான் கடைத்தெருவில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். மளிகைக் கடைக்காரர்கள் அரசு முத்திரைக்குக் கொண்டுபோகும் முன்னால் தராசை அவளிடம்தான் காட்டுகிறார்கள். காத்தான் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மலரில் வந்த கையைக் காட்டினேன். “என் கைதான்” என்று சொல்லி, டீ வாங்கி வரச் சொன்னாள்.

டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஏழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

“வேம்பு, அன்னைக்கு அந்த அம்மா கேட்டப்ப, சாருதான் வெளக்கச் சொன்னாருன்னு நான் சொல்லியிருக்கணும்.”

அவள் ஒரு தராசில் ஐந்து கிலோ கல்லை வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாமல் பேசினாள், அதுதான் தாங்க முடியவில்லை.

“எங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லுவாருண்ணே. மரக்கால கவுத்துட்டு, ‘அடைக்கலசாமி, நீங்களே சொல்லுங்க’ன்னு கேட்டப்ப உங்கப்பா அண்ணாந்து வானத்தப் பார்த்தாராம். நீங்க ஃபேனப் பார்த்தீங்க. களத்துல கூர இல்ல, லேப்புல இருக்கு. வேற வித்தியாசம் எனக்குத் தெரியல.”

மலரை மடித்துப் பைக்குள் வைத்தேன். அதற்குள் வாசலில் ஒருவர் தராசோடு வந்து நின்றார். டீ கிளாஸை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, வேம்பு அவருடைய எடைக்கல்லை வாங்கித் திருப்பி, அடியைப் பார்த்தாள்.